வராதவர்கள் பதினொரு பேர்

அந்த மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் வகுப்பை எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைப்பார்கள். நல்ல நேரத்தையெல்லாம் பெரிய பாடங்கள் பங்கு போட்டுக்கொண்டது போக மிஞ்சுவது அதுதான். நூற்றைம்பது பேர் படிக்கும் வகுப்பில் அறுபது பேர் வந்திருப்பார்கள். வருகைப் பதிவில் மட்டும் நூற்று நாற்பது குரல்கள் 'எஸ் மேடம்' சொல்லும். வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கற்றவர்கள். மீதிப் பேர் வேறு பாடத்தை மடியில் வைத்துப் படிப்பார்கள். உயிரைக் காப்பாற்ற வந்த எங்களை உட்காரவைத்துக் கூட்டல் கழித்தல் சொல்லித்தருகிறீர்களே என்று எல்லோருக்கும் ஒரு மனத்தாங்கல். பரீட்சையில் அதற்கு ஐந்து மதிப்பெண். ஐந்து மதிப்பெண்ணுக்காக யார் மெனக்கெடுவார்கள்?

பாடம் நடத்துகிறவள் டாக்டரும் இல்லை. வெறும் கணக்கு டீச்சர். வெள்ளைக் கோட்டு கிடையாது, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் கிடையாது. வகுப்பில் காகித அம்பு பறந்தால், அது கீழே விழும்வரை காத்திருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பிள்ளைகள் அவளுக்கு 'சராசரி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த வகுப்பில் ஒரு காலத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள் ஒரு பெண். அவள் சிரிப்பில் ஒரு விசேஷம் உண்டு. 'சராசரி' அவளுக்குச் சொந்த அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணி கட்டிக்கொடுத்த சாப்பாட்டை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். உறவை யாரிடமும் மூச்சு விடவில்லை. வருடக் கடைசியில், 'புள்ளியியல் கற்பது பற்றி உங்கள் எண்ணம் என்ன' என்று பெயர் போடாமல் எழுதித்தரச் சொன்னார்கள். 'நாங்கள் மனிதர்களைக் குணப்படுத்த வந்திருக்கிறோம், எண்ணிக்கொண்டிருக்க அல்ல' என்று எழுதி, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் காட்டிக் கைதட்டல் வாங்கினாள். பெயர் போடாவிட்டால் என்ன, அண்ணிக்குக் கையெழுத்துத் தெரியாதா? அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதெல்லாம் ஏழு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அவள் அதே கல்லூரியில் அறுவை சிகிச்சை மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாள். வார்டில் எல்லோருக்கும் அவள் 'சின்ன டாக்டர்'. கை சுத்தம், பேச்சு இதம், வேலையில் சோம்பல் கிடையாது. நோயாளிகள் அவளைத் தேடி வந்து அவள் முன்னால்தான் உட்காருவார்கள். புள்ளியியல் மட்டும் இன்னும் வேப்பங்காய்தான்.

பட்டம் வாங்க ஓர் ஆய்வேடு எழுதியாகவேண்டும். தலைப்பைத் துறைத் தலைவர் தந்தார். அவரை எல்லோரும் சீஃப் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளின் காலில் வருகிற ஆறாத புண்தான் விஷயம். தினமும் பிரித்துக் கழுவிப் புதுக் கட்டுப் போடுவது பழைய முறை. சீஃப் கொண்டுவந்த புது முறையில், மருந்து தோய்ந்த பட்டை ஒன்றைப் புண்மேல் வைத்து, காற்றுப் புகாமல் மூடி ஒட்டிவிடவேண்டும். பத்து நாளைக்கு யாரும் தொடக்கூடாது. அறுபது நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். முப்பது பேருக்குப் பழைய கட்டு, முப்பது பேருக்குப் புதுக் கட்டு. மூன்றாம் மாதம் வரவழைத்து, புண் ஆறியதா என்று பார்ப்பது. அவ்வளவுதான் ஆய்வு.

முடிவு சீஃப் ஆசைப்பட்டபடியே வந்தது. புதுக் கட்டுக்காரர்களில் பத்தொன்பது பேர் மூன்றாம் மாதம் வந்தார்கள். அவர்களில் பதினேழு பேருக்குப் புண் ஆறியிருந்தது. நூற்றுக்கு எண்பத்தொன்பது. பழைய கட்டில் இருபத்தேழு பேர் வந்து, பத்தொன்பது பேருக்கு ஆறியிருந்தது. நூற்றுக்கு எழுபது. சீஃபுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லா வார்டிலும் புதுக் கட்டுதான் என்று சுற்றறிக்கையே தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழுந்தால் சின்ன டாக்டர் பரீட்சை எழுதலாம். விழாவிட்டால் அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்துத்தான்.

மேற்படிப்புப் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. சேர்த்த விவரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதி, துணியைத் தையற்காரரிடம் கொடுப்பதுபோல் கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிடுவார்கள். 'நல்லதா ஒரு டேபிள் போட்டுக் கொடுங்க மேடம்' என்பார்கள். அளவு சரியாக இருந்தால் போட்டுக்கொண்டு போகவேண்டியது, யார் எப்படித் தைத்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. சின்ன டாக்டருக்கு அந்த அறைவரை நடக்கிற சிரமம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் தாளை வைத்தாள்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தாள். ஒரு தடவை படித்தாள். விரலை வைத்து வைத்து மறுபடியும் படித்தாள்.

"முப்பது பேருக்குப் புதுக் கட்டுப் போட்டிருக்கே. பத்தொம்பது பேருக்குத்தான் ரிசல்ட் இருக்கு. மீதி பதினோரு பேர் எங்க?"

"அவங்க திரும்பி வரல அண்ணி. எல்லார் தீசிஸ்லயும் நாலு பேர் அப்படி இருக்கத்தான் செய்வாங்க. விட்டுடலாம்."

"நாலு இல்ல, பதினொண்ணு. பழைய கட்டுல மூணு பேர்தான் வரல. புதுக் கட்டுல மட்டும் ஏன் இத்தனை பேர்?"

"ஆறிப் போயிருக்கும். எதுக்கு வீணா அலையணும்னு வராம இருந்திருப்பாங்க."

"இருக்கலாம். கேட்டியா?"

கேட்கவேண்டும் என்று சின்ன டாக்டருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் நிஜம்.

"பரீட்சைக்கு வராத பிள்ளைங்களை எல்லாம் விட்டுட்டு, எங்க ஸ்கூல்ல எல்லாரும் பாஸ்னு ஒருத்தன் போர்டு வெச்சா, உன் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேப்பியா?" என்றாள் அண்ணி.

"அது வேற, இது வேற. நீங்க டாக்டர் இல்ல அண்ணி. உங்களுக்கு இது புரியாது."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட நேரத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது.

அண்ணி கோபப்படவில்லை. "சரிதான். கால் புண்ணைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பேப்பர்ல ஓட்டை இருக்கிறது மட்டும் தெரியுது" என்றாள். ஒரு புதுத் தாளை எடுத்து, கோடு போட்டுப் பதினொரு கட்டம் வரைந்தாள். மேலே 'வராததற்குக் காரணம்' என்று எழுதினாள். "இதை உன் கையால நிரப்பிக்கிட்டு வா. பழைய கட்டுக்காரங்க மூணு பேரையும் விசாரிச்சுடு. அப்புறம் எத்தனையால வகுக்கணும்னு நீயே சொல்லு, நான் போட்டுத் தரேன்."

அம்மாதான் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடித்தாள். "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ஏம்மா இந்தப் பிடிவாதம்? அவ படிப்பு இது. வெளியாளுங்களுக்கெல்லாம் போட்டுக் குடுக்கறே, நாத்தனாருக்குப் போட்டுக் குடுக்கக் கை வலிக்குதா?"

"வெளியாளுங்களுக்கும் இதேதான் அத்தை சொல்றேன். அவங்க வேற ஆளைப் பாத்துப் போயிடறாங்க" என்றாள் அண்ணி. காய் நறுக்குகிற சத்தம் மறுபடியும் கேட்டது.

சின்ன டாக்டரும் வேறு ஆளைப் பார்த்துப் போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. பதினொரு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று நிரூபித்து, அந்தத் தாளை அண்ணி முன்னால் வீசாமல் வீசவேண்டும் என்றிருந்தது. திங்கட்கிழமை மதியம் வெளிநோயாளிகள் கூட்டம் ஓய்ந்ததும், துறையின் பின்னறையில் கேஸ் ஷீட்டுக் கட்டை அவிழ்த்து வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழைத்தாள்.

முதல் ஆள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. "புண்ணா? அது எப்பவோ ஆறிடுச்சே! அதான் வரல. தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சிரித்தார். சின்ன டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. 'குணமாகிவிட்டது' என்று முதல் கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

இரண்டாவது எண்ணில் மகன் எடுத்தான். "அப்பாவா? காலை எடுத்தாச்சுங்க. வேற ஆஸ்பத்திரியில. கணுக்காலுக்கு மேல" என்றான். பேச்சில் வருத்தம்கூட இல்லை. பல பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். அவள் 'வேறு மருத்துவமனை' என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்தாள்.

மூன்றாவது ஆள் சந்தையில் பூ விற்கிற பெண். அவளே பேசினாள். "நான் வந்தேனே டாக்டரம்மா. கட்டுக்குள்ள குத்து வலி தாங்கலன்னு எட்டாம் நாளு வந்தேன். இன்னிக்கு உங்க தேதி இல்லன்னாங்க. அப்புறம் எங்க வர்றது? ரெண்டு விரலு போச்சு." யார் அப்படிச் சொன்னது என்று இவள் கேட்டாள். "யாரோ சொன்னாங்க, கூட்டத்துல யாரைக் கண்டேன்" என்றாள் அவள். வார்டு நர்ஸ்கள்மேல் சின்ன டாக்டருக்குப் பொல்லாத கோபம் வந்தது. நாளைக்கே கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்படியே திங்கள், செவ்வாய், புதன். சில எண்களை யாரும் எடுக்கவில்லை, மறுநாள் எடுத்தார்கள். ஓர் எண் பக்கத்து வீட்டாருடையது, அவர் போய்க் கூட்டிவந்தார். ஒரு தாத்தா தன் புண்ணைப் பற்றிச் சொல்லாமல் தன் மருமகனைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். புண் இன்னும் ஆறவில்லை என்பதைக் கடைசியில் ஓர் உபரித் தகவலாகச் சேர்த்துக்கொண்டார். புதன்கிழமை மாலைக்குள் பத்துக் கட்டம் நிரம்பிவிட்டது. இரண்டு பேர் குணம். ஐந்து பேருக்கு விரலோ பாதமோ காலோ எடுத்தாகிவிட்டது. இரண்டு பேருக்கு இன்னும் ஆறவில்லை. ஒருவர் இறந்துவிட்டார். பழைய கட்டில் வராத மூவரில் இருவர் குணம், ஒருவருக்கு ஒரு விரல் போயிருந்தது.

வகுக்க அவளுக்கு அண்ணி தேவைப்படவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு அது. பழைய கட்டு முப்பதுக்கு இருபத்தொன்று, புதுக் கட்டு முப்பதுக்குப் பத்தொன்பது. அதுவும் பதினோராவது ஆள் நல்லபடியாக இல்லாவிட்டால்தான். அவர் குணமாகியிருந்தால் இருபது. எப்படிப் பார்த்தாலும் எண்பத்தொன்பது என்ற அந்த அழகான எண்ணைக் காணோம். நம்மிடம் வந்து நல்லபடியாக ஆனவர்களை மட்டும் எண்ணி, நம்மிடம் வரமுடியாமல் போனவர்களை விட்டுவிட்டால் எந்த வைத்தியமும் நல்ல வைத்தியம்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்த வயதில் இதை யாரோ சொல்லித்தான் கொடுத்தார்கள். அவள் அப்போது மடியில் வேறு புத்தகம் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் சீஃபிடம் போனாள்.

சீஃப் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியாகவேண்டும். முப்பது வருடமாக எத்தனையோ கால்களைக் காப்பாற்றியவர். தினமும் கட்டைப் பிரித்துக் கழுவும்போது நோயாளிகள் துடிக்கிற துடிப்பைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இந்தப் புதுக் கட்டைக் கொண்டுவந்தார். அதை அவர் நம்பினார். நம்பிக்கைதான் சில சமயம் கண்ணைக் கட்டுகிறது. அவர் தாளை வாங்கிப் படித்தார். முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"யாரும்மா உன்னை இவங்களுக்கெல்லாம் போன் பண்ணச் சொன்னது?"

"புள்ளியியல் மேடம் கேட்டாங்க சார்."

"அவங்க வாழ்நாள்ல ஒரு புண்ணைப் பாத்திருக்காங்களா? வேற ஆஸ்பத்திரியில யார் என்ன பண்ணாங்களோ, அதுக்கு நம்ம கட்டா பொறுப்பு? நோயாளி வாயால சொல்றதை வெச்சுத் தீசிஸ் எழுத முடியுமா?" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "நீ நல்ல டாக்டர். உன் கை எனக்குத் தெரியும். இதுல மாட்டிக்கிட்டு ஆறு மாசத்தைத் தொலைக்காதே. வந்தவங்களை வெச்சு எழுது. வராதவங்களுக்குத் 'தொடர்பில் இல்லை'ன்னு ஒரு வரி. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டுவா, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"முதல் தேதியில இருந்து எல்லா வார்டிலயும்னு சொன்னீங்களே சார்."

"ஆமா. அதுக்கென்ன?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் நடக்கும்போது அவளுக்கு வந்தது நிம்மதிதான். இதை மறைப்பானேன்? பெரியவர் சொல்லிவிட்டார், பாரம் அவர் தலையில். பத்துப் பேர் வாயால் சொன்னதை ஆதாரம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? நியாயமான கேள்விதானே? அதோடு பதினோராவது ஆள், இருபத்துமூன்றாம் எண் நோயாளி, நிஜமாகவே தொடர்பில் இல்லை. மூன்று நாளாக ஐந்து தடவை அழைத்தும் மணி அடித்து அடித்து ஓய்ந்துதான் போயிற்று. ஒரு கட்டத்திலாவது அந்த வார்த்தை உண்மை என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. பின்னறைக்கு வந்து உட்கார்ந்து, தாளை விரித்து, பதினோராவது கட்டத்தில் எழுதப் பேனாவைத் திறந்தாள்.

செல்போன் அடித்தது. அந்த எண்தான்.

"இந்த நம்பர்ல இருந்து நாலஞ்சு தடவை போன் வந்திருக்கு. யாருங்க?" ஒரு பெண்ணின் குரல். வயதானவர். "பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். போனை இங்கயே மறந்து வெச்சுட்டேன்."

சின்ன டாக்டர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

"அவரு போயி அஞ்சு மாசம் ஆச்சேம்மா" என்றார் அந்த அம்மா. "நான் அவரு சம்சாரம்."

"மன்னிச்சுக்கங்கம்மா. எங்களுக்குத் தெரியாது. மூணாம் மாசம் வரச் சொல்லியிருந்தோம், வரலன்னு பதிவாயிருக்கு, அதான்..."

"வரலையா? ஆறாம் நாளே வந்தோமே."

சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினாள்.

"கட்டுப் போட்டு அஞ்சாம் நாளு காய்ச்சல். கட்டுக்குள்ள இருந்து ஒரு மாதிரி வாடை. நான் பிரிச்சுப் பாத்துடலாம்னு சொன்னேன். அவரு விடல. பத்து நாள் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, நம்ம இஷ்டத்துக்குப் பிரிச்சா அவங்க பாக்கற கணக்கு கெட்டுப்போயிடும்னாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு இல்லையா, ரூல்னா ரூல். சரி, டாக்டரையே பிரிக்கச் சொல்லலாம்னு மறுநாள் காலைல கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பஸ் மாறி. அங்க ஒரு சின்ன டாக்டர் பொண்ணு, கண்ணாடி போட்டிருந்துச்சு. நல்ல பொண்ணு. அவரு நிக்க முடியாம நின்னதைப் பாத்துட்டு, தானே எழுந்து வந்து நாற்காலி எடுத்துப் போட்டுச்சு. கார்டை வாங்கிப் பாத்துட்டு, இன்னும் நாலு நாள் இருக்கே அப்பா, செவ்வாய்க்கிழமை வாங்க, இப்பப் பிரிச்சா மருந்து வேலை செய்யாதுன்னு பொறுமையாச் சொல்லிச்சு. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் குடுத்துச்சு. இவரு அந்தப் பொண்ணுகிட்ட, தேதி தப்பி வந்துட்டேன், மன்னிச்சுக்கம்மான்னு சொல்லிட்டு வந்தாரு."

சின்ன டாக்டருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகம்கூட மங்கல்தான், அந்த மன்னிப்புத்தான் ஞாபகம் வந்தது. தேதி தப்பி வந்ததற்கு ஒரு நோயாளி மன்னிப்புக் கேட்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்று அவள் மகிழ்ந்துபோயிருந்தாள். படிவத்தில் பத்தாம் நாள், இருபதாம் நாள், முப்பதாம் நாள், மூன்றாம் மாதம் என்று நாலு கட்டம்தான். ஆறாம் நாள் வந்தவரை எழுத அதில் இடம் இல்லை. அதனால் எழுதவில்லை. அடுத்த தேதிகளில் அவர் வராதபோது, ஒவ்வொரு கட்டத்திலும் 'வரவில்லை' என்று அவள்தான் எழுதினாள். பூ விற்கிற பெண்ணை எட்டாம் நாள் திருப்பி அனுப்பியதும் நர்ஸாக இருக்கவேண்டியதில்லை.

"செவ்வாய்க்கிழமை அவரால எந்திரிக்கவே முடியல" என்று அந்த அம்மா தொடர்ந்தார். "பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். பிரிச்சுப் பாத்தா உள்ள எல்லாம் கறுத்துப்போயிருந்துச்சு. அன்னிக்கே காலை எடுத்தாங்க. அப்புறம் மூணு நாள்தான் இருந்தாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க வேற டாக்டரா இருப்பீங்க. அந்தப் பொண்ணு இன்னும் அங்க இருக்கா?"

ஆமாம், நான் வேறு டாக்டர் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. போனில் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

"நான்தாம்மா அந்தப் பொண்ணு" என்றாள்.

வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். அந்தப் பக்கம் எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"அப்போ உங்களைத்தான் கேக்கணும்" என்றார் அந்த அம்மா. குரல் மாறியிருந்தது. "அன்னிக்கே பிரிச்சிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?"

நூற்றுக்கு எண்பத்தொன்பது என்று ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. ஒரே ஓர் ஆளுக்குச் சொல்ல அதனிடம் ஓர் எண்ணும் இல்லை.

"தெரியலம்மா. பொழச்சிருக்கலாம். கால் மட்டும் போயிருக்கலாம். நிச்சயமா எனக்குத் தெரியல. ஆனா அன்னிக்கு நான் பிரிச்சுப் பாத்திருக்கணும். காய்ச்சல்னு சொன்ன உடனே பிரிச்சிருக்கணும். பாக்காம அனுப்பினது என் தப்பு."

"நீங்க பிரிச்சிருக்கணுமா?"

"ஆமாம்மா."

"அப்போ நான் நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வரலையா?" அந்த அம்மாவின் குரல் உடைந்தது. "அந்த ஆஸ்பத்திரியில, ஏம்மா இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்கன்னு என்னைத்தான் திட்டினாங்க. என் பொண்ணும் அதையேதான் சொன்னா. அஞ்சு மாசமா நான் தூங்கலம்மா. நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன்னு..."

"இல்லம்மா. நீங்க சரியான நாள்லதான் கூட்டிட்டு வந்தீங்க."

அந்த அம்மா வாய்விட்டு அழுதார். சின்ன டாக்டரும் அழுதாள். அழுகிற உரிமை தனக்கு உண்டா என்று தெரியாமல் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு வரலன்னு ஏதோ பதிவாயிருக்குன்னு சொன்னீங்களே" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"அவரு வரலன்னு எழுதாதீங்க. நானும்தானே கூட வந்தேன்."

பதினோராவது கட்டத்தில் சின்ன டாக்டர் எழுதினாள்: 'ஆறாம் நாள் காய்ச்சலோடு வந்தார். மனைவி அழைத்துவந்தார். நான் கட்டைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். இறந்துவிட்டார்.' கட்டம் சின்னது. எழுத்து ஓரத்தைத் தாண்டி வெளியே போயிற்று. எழுதியதைப் போனில் படித்துக் காட்டினாள். அந்த அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மகளிடமும் இதைச் சொல்லவேண்டும், அவள் வேலை முடிந்து வந்ததும் கூப்பிடலாமா என்றார். கூப்பிடுங்கள் என்றாள் இவள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு மாடி இறங்கி, பழைய கேஸ் ஷீட்டுகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரின் அறைக்குப் போனாள். அண்ணி யாருடைய தாளையோ திருத்திக்கொண்டிருந்தாள். சின்ன டாக்டர் பேசாமல் தாளை நீட்டினாள். அண்ணி ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டு வந்து, பதினோராவதில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, எதிரில் கிடந்த நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தாள்.

"இதை வெச்சா நாளைக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டாரே" என்றாள்.

"போடமாட்டார் அண்ணி" என்றாள் சின்ன டாக்டர். "நீங்க முப்பதாலேயே வகுங்க."